இருபத்திரண்டாம் நாள் வந்த காய்ச்சல்

முதல் ஷிஃப்டில், தேநீர் இடைவேளைக்குக் கொஞ்சம் முன்னால்தான் என் இதயம் முதல்முறையாகத் தறிகெட்டு ஓடியது. ஓசூரில் வாகனங்களுக்கு பிரேக் பாகங்கள் செய்யும் கம்பெனி ஒன்றில் தரச் சோதனைப் பிரிவில் வேலை செய்துகொண்டிருந்தேன். இயந்திரத்திலிருந்து வரும் ஒவ்வொரு துண்டையும் அளவுக்கருவியில் பொருத்திப் பார்க்க வேண்டும். சரியாக இருந்தால் தட்டில் வைக்க வேண்டும், இல்லாவிட்டால் சிவப்புப் பெட்டியில் போட வேண்டும். பதினேழு வருடங்களாக அதுதான் வேலை. அன்று கையிலிருந்த துண்டு அளவுக்கருவிக்குள் போகவே இல்லை. துண்டில் குறை இல்லை. என் கைதான் ஆடிக்கொண்டிருந்தது.

குந்தாரப்பள்ளிச் சந்தையில் சாக்கில் கட்டிப்போட்ட கோழி புரள்வதைச் சின்ன வயதில் பார்த்திருக்கிறேன். நெஞ்சுக்குள் அப்படித்தான் ஏதோ புரண்டது. பிறகு தரை என் முகத்தை நோக்கி வந்தது. சிவப்புப் பெட்டியின் விளிம்பில் மோதி நெற்றி கிழிந்தது. முதலுதவி அறையில் எல்லோரும் அந்தக் காயத்தைத்தான் பார்த்தார்கள்.

காயத்துக்குத் தையல் போட்ட மருத்துவர்தான் நாடியைப் பிடித்துப் பார்த்துவிட்டு இ.சி.ஜி. எடுக்கச் சொன்னார். ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் (இதயத்தின் மேலறைகள் ஒழுங்காகச் சுருங்காமல் தாறுமாறாகத் துடிப்பது) என்று சீட்டில் எழுதினார். ஒன்றரை வருடம் மாத்திரை சாப்பிட்டேன். அதற்குள் இன்னும் மூன்று முறை விழுந்தேன். ஒருமுறை மயக்க ஊசி போட்டு, நெஞ்சில் மின்சாரம் பாய்ச்சித் துடிப்பைச் சரிசெய்தார்கள். அடுத்த வாரமே அது பழையபடி தறிகெட்டது.

பெங்களூரில் இதயத் துடிப்புக் கோளாறுகளைப் பார்க்கும் மருத்துவர் ஒருவர், கத்தீட்டர் அப்லேஷன் (தொடையிலுள்ள இரத்தக்குழாய் வழியாக மெல்லிய கம்பியை இதயத்துக்குள் செலுத்தி, தவறான மின்துடிப்பு கிளம்பும் இடங்களைச் சூட்டால் பொசுக்குவது) செய்துகொள்ளலாம் என்றார். வரக்கூடிய ஆபத்துகளை ஒவ்வொன்றாகச் சொன்னார். கடைசியாக ஒன்றைச் சொல்லும்போது கையிலிருந்த பேனாவைக் கீழே வைத்தார். "இது மிக மிக அரிது. ஆனா வந்துட்டா ரொம்ப மோசம். அதனால சொல்லாம விடமாட்டேன்" என்றார். நான் தலையாட்டினேன். உண்மையைச் சொல்வதென்றால் காதில் வாங்கவில்லை. இனிமேல் விழமாட்டேன் என்பது மட்டும்தான் மனதில் இருந்தது.

பெண்கள் வார்டில் துணைக்குப் பெண்தான் இருக்க வேண்டும் என்றார்கள். எங்கள் மகள் சேலத்தில் விடுதியில் தங்கிப் படிக்கிறாள், அவளுக்குத் தேர்வு. என் கணவர் மாதேஷ், கம்பெனி பஸ் ஓட்டுகிறவர், என்னிடம் கேட்காமலேயே தன் தங்கை ரத்னாவை வரவழைத்துவிட்டார்.

ரத்னாவும் நானும் ஆறு வருடங்களாகப் பேசிக்கொள்ளவில்லை. தவறு என்னுடையது. எங்கள் வீட்டுக் கிரகப்பிரவேசத்தன்று ஏதோ சின்னப் பேச்சு முற்றி, பந்தியில் உட்கார்ந்திருந்த அத்தனை பேர் முன்னாலும், "புருஷன வெச்சுப் பொழைக்கத் தெரியாதவ எனக்குப் புத்தி சொல்ல வர்றியா" என்று கேட்டுவிட்டேன். அவள் கணவர் விட்டுப்போய் அப்போது நான்கு மாதம்தான் ஆகியிருந்தது. பாதிச் சாப்பாட்டில் எழுந்து போனவள் அதற்குப் பிறகு எங்கள் வாசலை மிதிக்கவில்லை. பாகலூர்ப் பக்கம் ஒரு ரோஜாப் பண்ணையில் பூ வெட்டும் வேலை அவளுக்கு. இப்போது ஒரு துணிப்பையோடு வந்து கட்டிலுக்குப் பக்கத்தில் நின்றாள். "நல்லா இருக்கியா அண்ணி" என்று கேட்டாள். பையைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவைத்தாள்.

சிகிச்சை நல்லபடியாக முடிந்தது. மூன்றாம் நாள் வீட்டுக்கு அனுப்பினார்கள். மாதேஷ் மருந்து வாங்கக் கீழே போயிருந்தபோது, ஒரு செவிலியர் வந்து கன்னடத்தில் சில எச்சரிக்கைகளைச் சொன்னார். நான் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ரத்னா கேட்டுக்கொண்டாள். கேட்டது மட்டுமல்ல, இன்னொரு தரம் சொல்லச் சொல்லி, மூன்றாவது தரம் தானே திருப்பிச் சொல்லிச் சரிதானா என்று கேட்டாள். இரண்டு மாதத்துக்குள் காய்ச்சல் வந்தாலோ, விழுங்கும்போது வலித்தாலோ, கைகால் இழுத்தாலோ நேராக இங்கே வர வேண்டும். எந்த ஆஸ்பத்திரிக்குப் போனாலும் இந்தச் சிகிச்சை நடந்ததை முதலில் சொல்ல வேண்டும். வாய்வழியாகக் குழாய் விட யாரையும் அனுமதிக்கக் கூடாது. இவ்வளவுதான் அந்தச் செவிலியர் சொன்னது. இதைப் படிப்பவர்கள் கட்டுரையை இங்கேயே மூடிவைத்தாலும் பரவாயில்லை, இந்த மூன்றையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

மூன்று வாரம் நன்றாக இருந்தேன். மாடி ஏறினேன். இரவுகளில் தூங்கினேன். இருபத்திரண்டாம் நாள் காய்ச்சல் வந்தது.

ஊரெல்லாம் காய்ச்சலாக இருந்த சமயம் அது. பக்கத்து கிளினிக்கில் மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டேன். இரண்டு நாளில் இட்லியை விழுங்கினால் மார்பெலும்புக்குப் பின்னால் ஆணி இறங்குவது போல வலித்தது. தொண்டைப் புண் என்று நினைத்தேன். ரத்னா போனில் மாதேஷிடம் விசாரித்தபோது, "சளிக் காய்ச்சல்தான், நீ பயப்படாத" என்று அவர் சொல்லியிருக்கிறார். அவள் மறுநாள் வேலைக்குப் போகாமல் முதல் பஸ்ஸிலேயே வந்துவிட்டாள்.

அவள் வந்தபோது காலை ஏழு மணி இருக்கும். சமையலறையில் கஞ்சி ஆற்றிக்கொண்டிருந்தேன். வயிற்றிலிருந்து ஏதோ எழும்பியது. இருமல் என்று நினைத்து வாயைப் பொத்தினேன். விரல் சந்துகளில் இரத்தம் பீய்ச்சியது. பாத்திரம் கழுவும் தொட்டி, அடுப்பு, ரத்னாவின் சேலை எல்லாம் சிவப்பு. வாந்தி என்று சொன்னால் சரியாகாது. வாந்தியில் வயிறு நம்மோடு சேர்ந்து உழைக்கும். இது என்னைக் கேட்காமல், குழாய் உடைந்தது போல வந்தது. இடது கை அப்போதே தொய்ந்துவிட்டது என்று பிறகு சொன்னார்கள். எனக்கு நினைவில் இருப்பது கஞ்சிச் சட்டி விழுந்த சத்தம் மட்டும்தான்.

இதற்குப் பின் நடந்தவற்றில் பாதி, மற்றவர்கள் சொல்லிக் கேட்டது.

மாதேஷும் ரத்னாவும் ஓசூரில் பக்கத்திலிருந்த ஒரு ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். அவசரப் பிரிவிலிருந்த இளம் மருத்துவர் வேகமாகத்தான் செயல்பட்டார். "அல்சர்ல இருந்து ரத்தம் கசியுது. உடனே எண்டோஸ்கோபி பண்ணி நிறுத்தணும்" என்றார். எண்டோஸ்கோபி என்பது வாய்வழியாக கேமரா பொருத்திய குழாயை இறக்கி உள்ளே பார்ப்பது. தள்ளுகட்டிலைத் திருப்பினார்கள்.

ரத்னா கட்டிலின் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். "குழா உடக்கூடாதுங்க சார். இவங்களுக்கு நெஞ்சுல சூடு வெச்சிருக்குது."

"நெஞ்செரிச்சலா? அதுவும் அல்சர்னாலதான்மா. வழிய விடுங்க."

"எரிச்சல் இல்லீங்க."

"ரத்தமாக் கக்கறா, கண்ணு தெரியலயா உனக்கு?" என்று மாதேஷ் கத்தினார். தங்கையின் தோளைப் பிடித்து இழுத்துத் தள்ளினார். அவள் சுவரில் மோதி, தலையைத் தடவிக்கொள்ளக்கூட நிற்காமல் திரும்பி வந்து மறுபடியும் கம்பியைப் பிடித்தாள். வார்டு உதவியாளர் ஒருவர் அவள் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரிக்கப் பார்த்தார். பிரிக்க முடியவில்லை.

"பெங்களூர்ல, ஆர்ட்டுக்குள்ள கம்பி உட்டு சூடு வெச்சாங்க சார். மூணு வாரம் ஆச்சு. காச்சல் வந்தா குழா உடாதீங்கன்னு மூணு வாட்டி சொன்னாங்க. நீங்க அவங்களுக்கு ஒரு போனு போடுங்க. அப்புறம் என்ன வேணா பண்ணுங்க."

மருத்துவர் அப்படியே நின்றுவிட்டாராம். "அப்லேஷனா?" என்று கேட்டாராம். ரத்னாவுக்கு அந்தச் சொல் தெரியாது. வீட்டிலிருந்து ஓடி வரும்போதே துணிப்பையில் போட்டிருந்த டிஸ்சார்ஜ் சீட்டை எடுத்து அவர் கையில் திணித்தாள். அவர் படித்துவிட்டு, கட்டிலை நிறுத்தச் சொன்னார். அந்த இளைஞரை நான் மரியாதையோடுதான் நினைக்கிறேன். தெரியாத ஒன்றைக் கேட்டதும் நின்றார். எல்லோரும் நிற்பதில்லை.

இதயத்தின் இடது மேலறைக்கு நேர் பின்னால், ஒட்டினாற்போல உணவுக்குழாய் இறங்குகிறது. நடுவில் இருப்பது சில மில்லிமீட்டர் சதைதான். இதயச் சுவருக்கு வைத்த சூடு அதைத் தாண்டி உணவுக்குழாயைச் சுட்டிருந்தது. அந்தப் புண் மூன்று வாரமாக மெல்ல அழுகி, இரண்டுக்கும் நடுவே ஒரு ஓட்டை திறந்திருந்தது. இதற்கு ஃபிஸ்டுலா (இரண்டு உறுப்புகளுக்கு நடுவே இருக்கக் கூடாத வழி) என்று பெயர். பெங்களூர் மருத்துவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னது இதைத்தான். நான் விழுங்கிய எச்சிலும், கஞ்சியும், காற்றும் இதயத்துக்குள் போய், அங்கிருந்து மூளைக்கு ஏறிக்கொண்டிருந்தன. இதயத்திலிருந்து இரத்தம் உணவுக்குழாய்க்குள் கொட்டியது. எண்டோஸ்கோபி செய்பவர்கள் உள்ளே நன்றாகப் பார்ப்பதற்காகக் காற்றை ஊதுவார்கள். அன்று ஊதியிருந்தால் அந்தக் காற்று நேராக என் மூளைக்குப் போயிருக்கும்.

ஸ்கேன் எடுத்தார்கள். படத்தில் இதயத்துக்குப் பக்கத்தில் கறுப்புப் புள்ளிகள் தெரிந்தன. காற்றுக்குமிழ்கள்.

பெங்களூருக்கு ஆம்புலன்ஸில் ஏற்றினார்கள். அத்திப்பள்ளி எல்லையைத் தாண்டும்போது வலிப்பு வந்தது. கைகால்கள் கட்டிலில் அடித்த சத்தம், சைரன் சத்தத்துக்கு மேலே கேட்டது என்று மாதேஷ் சொல்வார். என் பல்லே என் நாக்கைக் கிழித்தது. எலெக்ட்ரானிக் சிட்டி பக்கம் லாரிகள் நெருக்கிக்கொண்டு நின்றன. ரத்னா இறங்கி ஓடி, லாரிக் கதவுகளைக் கையால் அடித்து அடித்து, தமிழிலும் கன்னடத்திலும் தெலுங்கிலும் கெஞ்சியும் திட்டியும் வழி வாங்கினாளாம்.

அறுவைச் சிகிச்சை ஒன்பது மணி நேரம் நடந்தது. மார்பெலும்பை ரம்பத்தால் நீளவாக்கில் அறுத்து இரண்டு பக்கமும் விரித்தார்கள். இதயத்தை நிறுத்திவிட்டு இரத்தத்தை இயந்திரத்தில் ஓடவிட்டார்கள். இதயத்தைச் சுற்றியிருக்கும் உறையிலிருந்து ஒரு துண்டு வெட்டி ஓட்டைக்கு ஒட்டுப் போட்டார்கள். உணவுக்குழாய்ப் புண்ணைச் சுரண்டித் தைத்து, விலா எலும்புகளுக்கு நடுவிலிருந்த தசையை உரித்தெடுத்து, இனி இரண்டும் தொட்டுக்கொள்ளாதபடி நடுவில் செருகினார்கள். வயிற்றில் துளையிட்டுக் குடலுக்குள் ஒரு குழாய் வைத்தார்கள். கேட்க நன்றாக இல்லை என்று தெரியும். என் உடம்புக்கு நடந்ததை மெல்லிய வார்த்தைகளால் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

தீவிர சிகிச்சைப் பிரிவில் கண் விழித்தபோது, நான் நானாக இல்லை.

டெலிரியம் (கடும் நோயில் மூளை குழம்பி, இல்லாதவற்றை உண்மையென்று நம்புவது) என்று பெயர் சொன்னார்கள். எனக்கு அது கம்பெனி. அழுத்து இயந்திரங்களுக்கு நடுவே என்னைக் கட்டிப் போட்டிருந்தார்கள். மேலே அச்சு இறங்கிக்கொண்டே வந்தது. இறங்கும் ஒவ்வொரு தரமும் நெஞ்சு பிளந்தது. வெள்ளைச் சட்டைக்காரர்கள் என் உடம்பிலிருந்து துண்டுகளை எடுத்து அளந்து சிவப்புப் பெட்டியில் போட்டார்கள். கத்தினேன், சத்தம் வரவில்லை. தொண்டையில் வெண்டிலேட்டர் குழாய் இருந்தது. அதைப் பிடுங்கினேன். அதனால் கைகளை உண்மையாகவே கட்டினார்கள்.

அந்தக் குழாயை எடுத்த பிறகு தாகம் வந்தது. இப்படி ஒரு தாகம் உலகத்தில் இருக்கிறது என்று அதுவரை தெரியாது. உணவுக்குழாய் ஆறும்வரை ஒரு சொட்டுத் தண்ணீர்கூட விழுங்கக் கூடாது. உதட்டை ஈரப் பஞ்சால் துடைக்கலாம், அவ்வளவுதான். அதைச் செய்ய ரத்னாவை மட்டும் பகலில் இரண்டு தரம் உள்ளே விட்டார்கள்.

என் கண்ணுக்கு அவள் என்னைப் பழிவாங்க வந்தவள். கையில் தண்ணீரை வைத்துக்கொண்டு தராமல் இருக்கிறவள். பந்தியில் பேசியதற்கு இப்போது கணக்குத் தீர்க்கிறாள். "தண்ணி குடுடி" என்றேன்.

"இன்னும் கொஞ்ச நாள்தான் அண்ணி. பொறுத்துக்கோ."

பஞ்சு உதட்டுக்கு வந்ததும் கடித்தேன். பஞ்சோடு சேர்த்து அவள் ஆள்காட்டி விரலையும் கடித்தேன். வாயில் ஈரம் வந்தது. தண்ணீர் என்று நினைத்து உறிஞ்சினேன். அது அவள் இரத்தம். இரண்டு செவிலியர்கள் என் தாடையைப் பிரிக்கப் போராடினார்கள். ரத்னா கத்தவில்லையாம். இன்னொரு கையால் என் தலையைத் தடவிக்கொண்டு, "உடு அண்ணி, உடு, உடு" என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தாளாம். விடும்போது நகம் என் வாயோடு வந்துவிட்டது.

மறுநாளும் அவள் வந்தாள். விரலில் கட்டு இருந்தது. எனக்கு எதுவும் நினைவில்லை.

சாதாரண வார்டுக்கு வந்து ஒரு வாரம் கழித்துத்தான் அந்தக் கட்டைப் பார்த்துக் கேட்டேன். "என்ன ஆச்சு கையில?"

"ரோசா முள்ளு" என்றாள்.

உண்மையைச் சொன்னது ஒரு செவிலியர். தைரியமான நாத்தனார் உங்களுக்கு என்று பாராட்டுவதற்காகச் சொன்னார். அன்று மத்தியானம் முழுக்க நான் சுவர் பக்கம் திரும்பிப் படுத்திருந்தேன். அழக்கூட முடியவில்லை. அழுதால் அறுத்த எலும்பு அசையும், உயிர் போகும் வலி. சாயங்காலம் அவளைக் கூப்பிட்டு, "நான்தான் கடிச்சேன்னு ஏன் சொல்லல?" என்று கேட்டேன்.

"சொன்னா நீ இன்னா பண்ணப்போற? உனக்கு அப்ப சுயநெனவே இல்ல."

"அன்னிக்கு பந்தியில சுயநெனவோடதான் பேசினேன்."

அவள் பாட்டிலில் குழாய் உணவைக் கலக்கிக்கொண்டிருந்தாள். கலக்கி முடித்து மூடியைத் திருகினாள். "அது வலிச்சிது. இன்னும்தான் வலிக்குது" என்றாள். "இப்ப பேசாத. மூச்சு வாங்குது உனக்கு."

மன்னித்துவிட்டேன் என்று அவள் அன்றும் சொல்லவில்லை, இன்றுவரை சொன்னதில்லை. நானும் அதை அவளிடமிருந்து கேட்டு வாங்கக் கூடாது என்றிருக்கிறேன்.

அப்லேஷன் செய்த மருத்துவர் தினமும் வந்து பார்ப்பார். ஒருநாள் நேரடியாகவே கேட்டேன். "தப்பு பண்ணிட்டீங்களா சார்?"

அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "சூடு வைக்கும்போது உணவுக்குழாயோட வெப்பத்தைப் பார்த்துக்கிட்டேதான் செஞ்சோம். அளவு தாண்டல. இருந்தும் ஆயிடுச்சு. வேற எங்கயாவது குறைச்சு வச்சிருக்கலாமான்னு திரும்பத் திரும்ப யோசிக்கறேன். எனக்கு விடை தெரியல." என் நாடியைப் பிடித்துப் பார்த்துவிட்டு, "உங்க துடிப்பு இப்ப ஒழுங்கா இருக்கு" என்றார். இரண்டு பேருக்குமே அந்தச் செய்தியை என்ன செய்வதென்று தெரியவில்லை.

அறுவைச் சிகிச்சை முடிந்து ஐம்பத்து மூன்றாம் நாள் ஒரு தேக்கரண்டித் தண்ணீர் கொடுத்தார்கள். விழுங்கப் பயந்து வாயிலேயே வைத்திருந்தேன். பார்க்கத் தாங்காமல் மாதேஷ் அறையை விட்டு வெளியே போய்விட்டார். தங்கையைத் தள்ளிய கை இது என்று அவர் பல நாள் தன் வலது கையைப் பார்த்துக்கொண்டிருந்தது எனக்குத் தெரியும். விழுங்கினேன். தண்ணீர் இறங்கும் இடமெல்லாம் தெரிந்தது. வலிக்கவில்லை.

இந்தச் சிகிச்சை வேண்டாம் என்று சொல்வதற்காக நான் இதை எழுதவில்லை. என் கட்டிலுக்கு எதிரில் இருந்த பெண் அதே அப்லேஷனைச் செய்துகொண்டு மூன்றாம் நாள் நடந்தே வீட்டுக்குப் போனார். பெரும்பாலானவர்கள் அப்படித்தான் போகிறார்கள். மருத்துவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டுச் சொல்வதைக் காது கொடுத்துக் கேளுங்கள். நீங்கள் கேட்கும் நிலையில் இல்லாவிட்டால், கேட்கிற ஒருவரை உடன் வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு வருடம் ஆகிறது. இடது கையின் கடைசி இரண்டு விரல்களுக்கு இன்னும் உணர்ச்சி திரும்பவில்லை. அளவுக்கருவி பிடிக்க முடியாது என்பதால் கம்பெனியில் பதிவேடு எழுதும் வேலைக்கு மாற்றினார்கள். மார்பெலும்பைச் சேர்த்துக் கட்டிய கம்பிகள், குளிர்காலக் காலைகளில் எலும்பைவிடச் சீக்கிரம் சில்லிட்டுப் போகின்றன. இதயம் தாளம் தப்பாமல் அடிக்கிறது. முன்பு அது தவறும்போதுதான் கவனிப்பேன். இப்போது ஒழுங்காக அடிப்பதைத்தான் கவனித்துக்கொண்டே இருக்கிறேன். ஒரு இட்லி சாப்பிட அரைமணி நேரம் ஆகிறது. அவசரப்படுத்தினால் உடம்பு கேட்பதில்லை. முன்பு உடம்பை நான் ஓட்டினேன். இப்போது அது போகும் வேகத்தில் பின்னால் நடக்கிறேன்.

போன ஞாயிற்றுக்கிழமை ரத்னா வீட்டுக்குப் போயிருந்தேன். திரும்பும்போது பஸ் ஏற்றிவிடக் கூடவே வந்தாள். நிறுத்தத்துக்கு நூறடி இருக்கும்போதே பஸ் கிளம்பத் தயாராக நின்றது. பழைய நான் சேலையைத் தூக்கிக்கொண்டு ஓடியிருப்பேன். இப்போது கால்கள் ஓட முனையக்கூட இல்லை. பஸ் போனது.

"அடுத்தது நாப்பது நிமிசம் ஆவும்" என்றாள்.

"ஆகட்டும்."

மைல்கல்லுக்குப் பக்கத்தில் நிழல் பார்த்து நின்றோம். அவள் பண்ணையில் புதிதாக வந்த செடிகளைப் பற்றிச் சொன்னாள். நான் கேட்டுக்கொண்டிருந்தேன். வெயில் எங்கள் பாதத்திலிருந்து முழங்கால்வரை ஏறியது. பஸ் வந்தது. வலது கையால் கம்பியைப் பிடித்து, ஒவ்வொரு படியிலும் இரண்டு காலையும் ஊன்றி ஏறினேன். கண்டக்டர் விசில் ஊதாமல் காத்திருந்தார்.